ஒரு சாண் இறங்கிய வெளிச்சம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கால்வாசிதான். என் வீடு ஒரு முட்டுச் சந்தில் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சந்தின் முடிவில் பூட்டிக் கிடக்கும் கிடங்கின் வெள்ளைச் சுவர் தெரியும். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு ஆண்கள் அந்தச் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர் டேங்கர் லாரி விளக்கைப் போட்டபடி நின்றது. சுவரில் விழுந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதி முக்கால்வாசியை நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன்.

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் தவித்தேன். முதல் தொடக்கம் இப்படி:

"இருள் என்பது வெளிச்சம் இல்லாமை அல்ல, அது—"

லாரி விளக்கு மாற்றுகிற கதைக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கே தோன்றியதால் அங்கேயே நிறுத்திவிட்டேன். இரண்டாவது:

"அந்த லாரிக்கு இருபத்தேழு வயது. மங்கிப்போன அதன் கண்கள்—"

விளக்கைக் கண் என்று எழுதினால் அடுத்த பத்தியில் லாரிக்குக் கண்ணாடி மாட்ட வேண்டி வரும். அதையும் விட்டேன். மூன்றாவது தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது:

"தண்ணீர் லாரிக்காரர் வீட்டில் தண்ணீர் இல்லை."

நல்ல வாக்கியம். ஆனால் இது அவருடைய மனைவியின் வாக்கியம். அவர் வரும்போது அவரே சொல்லிக்கொள்ளட்டும். ஆகவே கதைக்குத் தொடக்கம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதால் அதைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

2

அவரை எல்லாரும் டேங்கர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் முதல் வரைவில் அவருக்கு முப்பத்தைந்து வயது, முறுக்கிய மீசை, அதட்டும் குரல். எழுதி முடித்துப் பார்த்தால் ஆள் சுவரொட்டியில் நிற்பவர் போல இருந்தார். உண்மையில் அவருக்கு ஐம்பத்து மூன்று. சின்னதாகத் தொப்பை உண்டு. வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலால் பெடலை மிதிப்பார். வண்டியோடு பேசமாட்டார். வண்டியோடு பேசுகிற ஓட்டுநர்களைக் கதையில்தான் பார்க்கலாம். அவர் சக மனிதர்களோடு பேசுவதே அபூர்வம்.

அவருக்கு ஒரு சாயங்கால நடை இருந்தது. ஊருக்கு வெளியே பதினாறு கிலோமீட்டரில் ஒரு மாணவியர் விடுதி. ஆறு மணிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவார், இறக்கிவிட்டு இருட்டியதும் காலி வண்டியோடு திரும்புவார். பதினொரு வருடம் அப்படிப் போய் வந்தவர், இரண்டு மாதமாகப் போகவில்லை.

காரணம் இது. ஒரு நாள் திரும்பி வரும்போது, வளைவுகூட இல்லாத நேர்ச்சாலையில், எதன்மீதோ வண்டி ஏறியது. கல் அல்ல. மெத்தென்று இருந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, அப்புறம் பின் சக்கரம். பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். இறங்கிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. ஓர் ஆளைக் கொன்றுவிட்டோம் என்று அவர் பத்து நிமிடம் முழுசாக நம்பினார். அந்த ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டில் யார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்பதுவரை நினைத்துவிட்டார். பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தார். எந்த வண்டியிலிருந்தோ விழுந்துவிட்ட மெத்தை. சுருட்டி, நடுவில் கயிறு கட்டிய ஒற்றை மெத்தை.

(இந்த இடத்தில் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். எழுதும்போது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.)

அந்தப் பத்து நிமிடத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்கால நடைக்குப் போகாமலிருக்க நாளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார். கிளட்ச் சரியில்லை, பேட்டரி இறங்குகிறது, முதுகு பிடித்துக்கொண்டது. விடுதியின் மேற்பார்வையாளர் அம்மாவும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள நீங்க வரலேன்னா வேற வண்டியையே நிரந்தரமா வச்சுக்குவோம். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. பயந்தார். இன்று சாயங்கால நடை கைவிட்டுப் போனால் நாளைக்கு விடிகாலை நடையும் போகும். ஒருநாள் நண்பகலில்கூட வண்டி எடுக்கக் கை வராது. தனக்குக் கண் மங்குகிறதோ என்று ரகசியமாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். கண் நன்றாக இருந்தது. டாக்டர் பாராட்டினார். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

(வாசகரே, கோளாறு விளக்கில் இல்லை, கண்ணில்தான் என்று கதையைத் திருப்பலாம் என நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும். நானும் யோசித்தேன். டாக்டர் ஒத்துழைக்கவில்லை.)

கண் சரி, கை சரி என்றால் பாக்கி இருப்பது விளக்கு. பழைய மஞ்சள் விளக்கு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல விளக்காகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு முடிவுக்கு வந்தார். மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமே.

3

விளக்கு மாற்ற எலெக்ட்ரீஷியன் வேண்டும். ஊரில் வண்டி எலெக்ட்ரீஷியன்கள் நிறைய. ஆனால் டேங்கர்க்காரரின் மனைவிக்கு ஒரு தங்கை இருந்தார், தங்கைக்கு ஒரு கணவர் இருந்தார், அந்தக் கணவருக்கு வண்டி எலெக்ட்ரிக்கல் வேலைதான் தொழில். சகலை இருக்கும்போது வேறு ஆளிடம் போனால் குடும்பத்தில் அது பெரிய பேச்சாகிவிடும்.

சகலையோடு அவருக்கு ஏற்கெனவே ஒரு ஹாரன் சண்டை உண்டு. ஒரு தரம் சகலை ஆசையாகப் பொருத்திக்கொடுத்த ஹாரனை இவர் மறுநாளே கழற்றி வைத்துவிட்டார். மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவும் தங்கையும் பாடுபட்டு ஒட்டவைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒட்டிய இடம் இன்னும் காயவில்லை.

சகலைக்கு ஒரு வழக்கம். எதைச் சொன்னாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார்.

"அண்ணே, பல்பை மட்டும் மாத்தினா பத்தாது. நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப சொன்னே?"

"மனசுல சொன்னேன்."

டேங்கர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சகலை முன்பக்கத்தைத் திறந்து, மெல்லிய ஒயர் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. பேட்டரியிலேருந்து கரண்ட்டு கிளம்பி உள்ளே சுவிட்சுக்குப் போகுது. அங்கேருந்து திரும்பி இவ்வளவு தூரம் வந்து விளக்குக்குப் போகுது. இந்த நூல் மாதிரி ஒயர்ல. வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்குது. நல்ல தடிச்ச ஒயரா பேட்டரியிலேருந்து நேரா இழுத்து, நடுவுல ரிலே போடணும். சுவிட்ச் சும்மா உத்தரவு மட்டும் கொடுக்கும். வேலையை ரிலே பார்த்துக்கும்."

"உங்க வீட்ல நீயும் உன் பொண்டாட்டியும் மாதிரி."

"ஆமாண்ணே. நான்தான் ரிலே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. (இந்த நகைச்சுவை என் சொந்தச் சரக்கு. அவர்கள் என்ன பேசிச் சிரித்தார்களோ எனக்குத் தெரியாது. மாடிவரை சிரிப்பு மட்டும்தான் கேட்டது.)

பழைய விளக்குகளைக் கழற்றினார்கள். உள்ளே வெள்ளியாகப் பளபளக்க வேண்டிய கிண்ணம் பழுப்பேறி, ஓரத்தில் துரு பிடித்திருந்தது. இருபத்துநாலு வோல்ட்டுக்கான புது எல்இடி விளக்கு இரண்டு, தடித்த ஒயர், ஃபியூஸ், ரிலே. மதியம் தொடங்கிய வேலை நாலு மணிக்கு முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் பட்டப்பகலிலேயே சகலை கண்ணை மூடிக்கொண்டார். டேங்கர்க்காரர் மூடவில்லை. நேராகப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவருக்கு உள்ளே ஏதோ இளகியது. இந்த வெளிச்சத்தில் மெத்தை என்ன, தலையணை உறை கிடந்தாலே தெரியும்.

4

விளக்கைப் பொருத்தினால் மட்டும் போதாது. குறி வைக்க வேண்டும். வெளிச்சம் சாலையில் விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும். எதிரே வருகிறவர் முகத்தில் விழக் கூடாது.

இந்த விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தக் கதையும் இதில்தான் நிற்கிறது. வண்டியை ஒரு சுவருக்கு எதிரே, இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்துவார்கள். விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். டிம் லைட்டைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் ஓரம் சுவரில் வெட்டினாற்போலத் தெரியும். அந்த ஓரம் கோட்டில் வந்து நிற்கும்வரை விளக்கின் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

"காலி வண்டியில செட் பண்ணக் கூடாது," என்றார் சகலை. "லோடு ஏத்தினதும் வண்டி பின்னாடி குந்தும், மூக்கைத் தூக்கும். வெளிச்சம் மரத்து மேல போய்க் காக்காயை எழுப்பும். டேங்கை நிரப்பிக்கிட்டு வாங்க. நான் அப்பவே—"

"சொன்னே. மனசுல."

போய் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒன்பதாயிரம் லிட்டர். சந்துக்குள் வந்து, கிடங்குச் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் லாரியின் பின்பக்கம் சரியாக அவர் வீட்டு வாசலில் வரும். அதை அவர் கவனிக்கவில்லை. முன்பக்கம் மட்டுமே அவர் மனதில் இருந்தது.

ஆறு மணி. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சகலை டேப் வைத்து அளந்து கோடு போட்டார். இடது விளக்குக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அவர், வலது விளக்குக்கு இன்னொன்றோடு டேங்கர்க்காரர். பத்து நிமிடத்தில் இரண்டு விளக்கின் ஓரமும் கோட்டில் வந்து அச்சாக உட்கார்ந்தன.

"பார்த்தீங்களா," என்றார் சகலை.

"பார்த்தேன்," என்றார் டேங்கர்க்காரர். நெஞ்சு நிறைந்திருந்தது. இங்கேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் அழகு பார்க்கிறேன் என்று அங்கேயே நின்றார்கள்.

5

முதலில் பார்த்தவர் டேங்கர்க்காரர். வெளிச்சத்தின் ஓரம் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

"சகலை, திருகாணியைத் தொட்டியா?"

"நான் ஏன் தொடறேன்? நீங்க தொட்டீங்களா?"

"என் பக்கம் மட்டுமில்ல. உன் பக்கமும் இறங்கியிருக்கு."

சகலை பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். புது விளக்கு, சூடேறினால் கொஞ்சம் அசையும் என்றார். இருவரும் ஒரு சுற்றுத் திருப்பி ஏற்றினார்கள். ஓரம் கோட்டுக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் இறங்கியது.

"ஸ்பிரிங் லூசு."

"ரெண்டு விளக்குலயும் ஒரே நேரத்துல லூசாகுமா?"

"ஒரே பெட்டியில வந்த விளக்குண்ணே. குணமும் ஒண்ணா இருக்கும்."

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறங்கியது. சகலை திருகாணியில் பசை வைத்தார். ஒயரைக் கொண்டு கட்டினார். கட்டின கட்டு கட்டினபடி இருக்க, வெளிச்சம் மட்டும் அதுபாட்டுக்கு இறங்கியது. வெளிச்சம் டேங்கர்க்காரரின் கண்ணெதிரே காலடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய விளக்கு போனாலும் பழைய இருட்டு போகவில்லை. கோளாறு தன்னிடம்தான், தான் தொட்டாலே எதுவும் நிற்காது என்று அவருக்குப் பட்டது. அந்தப் பயத்தைக் கோபமாக மாற்றிச் சகலையின் மேல் இறக்கினார்.

"உன்னோட வேலையே இப்படித்தான். அன்னிக்கு ஹாரன், இன்னிக்கு விளக்கு."

"ஹாரனை ஏன் இழுக்கறீங்க?"

"கதவைத் திறந்தா அடிக்குது, மூடினா அடிக்குது. தெருவே எழுந்திரிச்சது."

"நீங்க கதவை அறைஞ்சு சாத்தினா அது என்ன பண்ணும்? மூணு வருஷம் என் வீட்டு வாசல் மிதிக்கல நீங்க. என் பொண்டாட்டி அழுதா, தெரியுமா?"

"என் பொண்டாட்டியும்தான் அழுதா!"

சொன்னேனே, இருவரும் சுவரைப் பார்த்துத்தான் கத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியிருந்தால் ஸ்க்ரூடிரைவர்கள் தவறான இடத்துக்குப் போயிருக்கும். கத்தியபடியே திருகினார்கள். ஏற்றினார்கள். நாலு சுற்று ஆகிவிட்டது.

6

இப்போது லாரியின் பின்பக்கம் போக வேண்டும். இதுவரை உங்களை அங்கே விடாமல் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

டேங்கர்க்காரரின் மனைவி பதினெட்டு வருடமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி வருகிறார்: தண்ணீர் லாரிக்காரர் வீட்டில் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் ஊற்றுகிறவர் ஒரு நாளாவது ஒரு முழு டேங்கரை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வீட்டுக்கு வரும் வண்டி எப்போதும் காலி. கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்." இன்றைக்கு வாசலைத் திறந்தால், எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில், வழிய வழிய ஒரு டேங்கர். குழாய் வாய் அவர் வீட்டுப் பக்கமாகவே திரும்பியிருக்கிறது.

அவர் என்ன நினைப்பார்? மனுஷனுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது, வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு முன்னால் போய் விளக்கு பார்க்கிறார் என்றுதான் நினைப்பார். நினைத்தார். சத்தம் போட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஹோஸைப் பூனைபோல் மாட்டித் தரைத்தொட்டிக்குள் விட்டார். தொட்டி நிரம்பியது. வீட்டிலிருந்த டிரம்கள் நிரம்பின. சந்தோஷத்தைத் தனியாக அனுபவிக்க முடியாதவர். ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி, வாயில் விரல் வைத்துச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

தண்ணீர் போகப் போக லாரியின் பின்பக்கம் நிமிர்ந்தது. பின்பக்கம் நிமிர நிமிர முன்பக்கம் தணிந்தது. சுவரில் வெளிச்சம் இறங்கியது.

(இன்னொன்று. ஜன்னலில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன். முழுப் பொய் அல்ல, பிறகு போய் நின்றேன். அதற்கு முன் அந்த ஐந்து கதவில் ஒன்று என்னுடையது. இரண்டு பக்கெட், இரண்டு நடை. எண்பது லிட்டர். சுவரில் எத்தனை நூலளவு வெளிச்சத்தை இறக்கினேன் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. தன் கதாபாத்திரத்தின் விளக்கைத் தானே கீழே இறக்கிவிட்டு மாடிக்குப் போய் வேடிக்கை பார்த்தவன் நான். இந்தக் கதையை எழுதுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.)

7

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: உண்மை தெரிந்து எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். வேண்டாம். சிரிப்பு அவருடைய சாயங்கால நடைக்கு உதவாது.

இரண்டாவது முடிவு: யாருக்கும் உண்மை தெரிவதில்லை. காலி வண்டியில் வெளிச்சம் கோட்டுக்கு வந்து நிற்கிறது. நாளைக்கு லோடு ஏற்றியதும் அது எதிரே வரும் ஒருவர் கண்ணை—. பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஒருவரை எனக்குத் தெரியாது, ஆனாலும் அவருக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. டேங்கர்க்காரரின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லாரியைச் சுற்றி முன்பக்கம் வந்துவிட்டார்.

"என்னங்க, தண்ணி தீர்ந்துடுச்சு. இன்னும் ஒரு டிரம் பாக்கி இருக்கு. பரவாயில்ல. இவ்வளவு பண்ணினீங்களே, அதுவே போதும்."

அவர் கண் கலங்கியிருந்தது. சகலைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். பிறகு லாரியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள். சகலைதான் முதலில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணி," என்றார் ஈனசுரத்தில், "நான் அப்பவே—" அதற்குமேல் அவருக்கே வரவில்லை.

டேங்கர்க்காரர் மட்டும் அசையாமல் நின்றார். அவர் மனைவியைத் திட்டப்போகிறார் என்று நினைத்து நான் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நல்ல பத்தி. வீணாகிவிட்டது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகலை. லோடுல செட் பண்ணினா, காலியில ஒரு சாண் இறங்குது."

"ஆமா. பார்த்தோமே."

"பழைய விளக்கையும் லோடுல வச்சுத்தான செட் பண்ணியிருந்தோம்?"

"நான்தான் பண்ணினேன். பதினொரு வருஷம் முன்னாடி."

"அப்ப நான் காலியா வரும்போதெல்லாம் வெளிச்சம் மூக்குக்கு முன்னாடிதான் விழுந்திருக்கு."

"பத்தடி. மிஞ்சினா பதினஞ்சடி. அதுவும் அந்தப் பழுப்பு விளக்குல." சகலை நிமிர்ந்து பார்த்தார். "ஏண்ணே?"

அப்போது அவர் சொன்னார். நேர்ச்சாலை, மெத்தென்ற அடி, பத்து நிமிடம், மெத்தை. ஒரே மூச்சில், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், பால் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை ஈரமாக இருந்தது.

"ரெண்டு மாசமா முதுகு வலின்னு தைலம் தேய்ச்சேனே," என்றார் மனைவி.

"வலிச்சுது."

"எங்கே வலிச்சுதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

யாரோ கழுத்தில் உட்கார்ந்திருந்தவர் இறங்கிப் போனது போல இருந்தது டேங்கர்க்காரருக்கு. கண்ணில் கோளாறு இல்லை, கையில் இல்லை, வயதிலும் இல்லை. வெளிச்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மனைவி தண்ணீரைத் திருடாமல் இருந்திருந்தால் (அவர் திருட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டார்) புது விளக்கோடு அதே பத்தடியில் அதே சாலையில் திரும்பி வந்திருப்பார்.

இங்கே எனக்குள்ளிருந்த கட்டுரையாளன் எழுந்து உட்கார்ந்தான். எவ்வளவு அருமையான தர்மசங்கடம்! லோடுக்கு ஏற்ப விளக்கை வைத்தால், திரும்பும்போது இவருக்குப் பாதை தெரியாது. காலிக்கு ஏற்ப வைத்தால், போகும்போது எதிரே வருகிறவருக்குக் கண் தெரியாது. தன் பயமா, பிறர் கண்ணா? மனிதன் தன் வெளிச்சத்தை எங்கே—

"இறக்கினதும் வண்டியை விட்டு இறங்கி அந்தத் திருகாணியை நாலு சுத்து சுத்திட்டு வாங்களேன்," என்றார் மனைவி. "திரும்ப லோடு ஏத்தும்போது நாலு சுத்து இந்தப் பக்கம். பாட்டில் மூடிதான? இதுக்கு எதுக்கு ரெண்டு ஆம்பளைங்க முழிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

கட்டுரையாளன் படுத்துக்கொண்டான். சகலை, பசை வைத்துக் கட்டிய திருகாணிகளை ஒரு வார்த்தை பேசாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

8

மறுநாள் சாயங்காலம் அவர் விடுதிக்குப் போனார். போவதில் சிக்கல் இல்லை. போகும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீரை இறக்கினார். மேற்பார்வையாளர் அம்மா, "உடம்பு தேவலையா?" என்று கேட்டதற்கு, "விளக்கு தேவலை," என்றார். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். திருகிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. மனைவிக்குப் போன் செய்தார்.

"சுத்திட்டேன்."

"எத்தனை?"

"நாலு."

"ரெண்டு பக்கமுமா?"

வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைத் தேடுகிற சத்தமும் கேட்டது. மனைவி காத்திருந்தார்.

"இப்ப ரெண்டு பக்கமும்."

"சரி."

"கை நடுங்குது," என்றார். அதை அவர் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

"நடுங்கட்டும். மெதுவா வாங்க. போனை வச்சுடுங்க, ஓட்டும்போது பேசக் கூடாது." சொல்லிவிட்டு அவரே வைத்தார். வைக்க அவருக்கு மனமில்லை என்பதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

இஞ்சின் உறுமியது. விளக்கு எரிந்தது. விடுதியின் வாசலைத் தாண்டி, வேப்பமரங்களைத் தாண்டி, வெகுதூரம்வரை சாலை வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கியரைப் போட்டார்.

இனிப் பதினாறு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம். இந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எழுத ஆரம்பித்தால் என் கை சும்மா இருக்காது. வெறும் சாலையை எந்த எழுத்தாளனும் வெறும் சாலையாக விட்டுவைக்க மாட்டான். ஏதாவது நடக்க வேண்டும் அவனுக்கு. எதையாவது குறுக்கே கொண்டுவந்து போடுவான். நான் ஏற்கெனவே ஒரு தரம் போட்டு, அந்த மனுஷனைப் பத்து நிமிடம் படுத்திவிட்டேன். போதும்.

ஒன்றும் நடக்காத சாலையில் ஒருவர் வீட்டுக்கு வந்து சேர்வது கதையே இல்லை என்பார்கள். அவருக்குக் கதை வேண்டாம், வீடு வேண்டும். ஆகவே பேனாவை மூடி வைக்கிறேன். ஆனால் நான் மூடினால் மட்டும் போதாது. அடுத்து என்ன ஆகும் என்று நீங்கள் வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை அவர் சாலையில்தான் இருப்பார். நீங்கள் பக்கத்தை மூடினால்தான் அவர் வந்து சேர முடியும்.

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்களே. விடுங்கள், அவர் வீட்டுக்குப் போகட்டும்.